இரண்டு நூலில் ஒரு விமானம்: கன்ட்ரோல் லைன் மாடல் செய்து பறக்கவிட முழுமையான வழிகாட்டி

ரிமோட் இல்லை, ஆன்டெனா இல்லை, ஆப் இல்லை. நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். 9 மீட்டர் தள்ளி ஒரு குட்டி விமானம் உங்களைச் சுற்றுகிறது. இடையில் இரண்டு நூல், அவ்வளவுதான். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு விமானம் சுற்றுவது மட்டும்தான் தெரியும். செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றுகிற உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. வாயு சைனிக் முகாமில் கன்ட்ரோல் லைன் ஒரு போட்டியாகவே நடக்கிறது. மற்றவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. கத்தி, அளவுகோல், உப்புத்தாள் பிடிக்கத் தெரிந்தால் போதும். நாலைந்து மாலை நேரத்தில் விமானம் தயாராகிவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது?

கையில் இருக்கும் ஹேண்டிலின் மேல்முனையில் ஒரு நூல், கீழ்முனையில் ஒரு நூல். இரண்டும் விமானத்தின் இடது இறக்கை வழியாகப் போய், 'பெல் கிராங்க்' என்ற மூன்று கைகள் கொண்ட சின்னத் தகட்டில் சேர்கின்றன. ஹேண்டிலைச் சாய்த்தால் ஒரு நூல் இழுபடும், மற்றது விட்டுக்கொடுக்கும். தகடு திரும்பும். அதன் மூன்றாவது கையில் மாட்டிய கம்பி வால் பக்கம் போய், வாலின் பின்பக்கம் மேலும் கீழும் ஆடும் பலகையான எலிவேட்டரை ஏற்றி இறக்கும். மேலே, கீழே, இரண்டே கட்டளைதான். இடம் வலம் திருப்பும் வேலையை நூலே பார்த்துக்கொள்கிறது.

இதெல்லாம் நூல் விறைப்பாக இருக்கும்வரைதான். கவணில் வைத்துச் சுழற்றும் கல் வெளியே இழுப்பது போல, சுற்றும் விமானமும் வெளியே இழுக்கிறது. நாம் செய்யப்போவது 180 கிராம் விமானம். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் 9 மீட்டர் நூலில் சுற்றும்போது கையில் ஏறக்குறைய 450 கிராம் இழுவை தெரியும், அதாவது அதன் எடையைப்போல் இரண்டரை மடங்கு. வேகம் பாதியாகக் குறைந்தால் இழுவையும் பாதியாகும் என்று நினைக்காதீர்கள், கால்வாசிதான் மிஞ்சும். நூல் தொய்ந்த கணத்திலிருந்து அந்த விமானத்துக்கு நீங்கள் யாரோ, அது யாரோ. கீழே வரும் அளவுகளில் பாதி, நூல் தொய்யாமல் இருப்பதற்காகவே வைத்தவை.

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்டைச் சேர்ந்த ஜிம் வாக்கர் இதை 'யூ-கன்ட்ரோல்' என்று பெயரிட்டு, 1940களில் காப்புரிமையோடு விற்றார். கைக்கு ஒன்று, தலையில் மாட்டிய ஹேண்டிலில் ஒன்று என ஒரே நேரத்தில் மூன்று விமானங்களைச் சுற்றவிட்டுக் காட்டுவார். ஆனால் அதே மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் 1930களிலேயே இந்த முறையில் பறக்கவிட்டிருந்தார். வழக்கு நீதிமன்றம் போய், 1955-ல் வாக்கரின் காப்புரிமை செல்லாமல் போனது. அதற்கப்புறம் இந்தத் தகட்டை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். நாமும் வெட்டுவோம்.

எஞ்சினா, மோட்டாரா?

பழைய ஆட்கள் 0.049 கன அங்குல, அதாவது 0.8 சி.சி. குளோ எஞ்சினில்தான் (பழுக்கக் காய்ந்த கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் குட்டி எஞ்சின்) கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் காக்ஸ் எஞ்சின்கள் அதில் பேர்போனவை. அந்தச் சத்தமும், எரிந்த விளக்கெண்ணெய் வாசனையும் மின்மோட்டாரில் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளோ எஞ்சினின் எரிபொருள் பெரும்பாலும் மெத்தனால். அது விஷம். தமிழ்நாட்டில் மரக்காணம் 2023, கள்ளக்குறிச்சி 2024 என்று அந்தப் பெயருக்குப் பின்னால் சாவுகள் நிற்கின்றன. உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலந்து ஓட்டும் சிறு டீசல் எஞ்சினும் உண்டு. ஆனால் ஈதர் பொசுக்கென்று பற்றிக்கொள்ளும் சரக்கு. முதல் விமானத்துக்கு இந்த வம்பு எதுவும் வேண்டாம். மின்மோட்டார் போதும்.

வாங்க வேண்டியவை

இறக்கைக்கு 5 மி.மீ. பால்சா (மிக லேசான மரம்) பலகை, 100 மி.மீ. அகலம் இருந்தால் நல்லது. 6 மி.மீ. பால்சா உடலுக்கு, 3 மி.மீ. வாலுக்கு. கொஞ்சம் 3 மி.மீ. பிளைவுட். 25 கிராம் அளவில் ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு) 2000 பக்கத்தில். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 10 ஆம்பியர் இ.எஸ்.சி. இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 450 அல்லது 500 எம்.ஏ.ஹெச். 4 அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) உள்ள ஐந்தங்குல புரொப்பெல்லர் இரண்டு மூன்று, உடையும். இவற்றோடு ஒரு டைமர்: பட்டனை அழுத்தினால் சில விநாடி காத்திருந்து மோட்டாரை ஓடவைத்து, சொன்ன நேரத்தில் நிறுத்தும். கடையில் கிடைக்காவிட்டால், ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்பலகை) தெரிந்த பிள்ளை ஒருவர் ஒரே நாளில் செய்து தந்துவிடுவார்.

பால்சாவைக் கடையிலேயே கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுப் பலகைகளில் ஒன்று மற்றதைவிட இருமடங்கு கனமாகக்கூட இருக்கும். இறக்கைக்கும் வாலுக்கும் லேசானது, உடலுக்குக் கொஞ்சம் கெட்டியானது.

பெல் கிராங்கும் இறக்கையும்

பெல் கிராங்க்தான் இந்த விமானத்தின் உயிர்நாடி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கண்ணாடியிழை பி.சி.பி. பலகையிலிருந்து டி வடிவத்தில் வெட்டுங்கள். நூல் மாட்டும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே 50 மி.மீ. நடுவில் 3 மி.மீ. ஓட்டை, போல்ட்டுக்கு. குறுக்குக் கையில் நடு ஓட்டையிலிருந்து 10 மி.மீ., 15 மி.மீ. தூரத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். ஓட்டைகளின் விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்காமல் விட்டால், கண்ணாடியிழை கம்பியை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும்.

இறக்கை 500 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம். முன்விளிம்பை உருட்டிவிடுங்கள், பின்விளிம்பை 2 மி.மீ. வரை சரிவாகத் தேயுங்கள். வேறு அலங்காரம் வேண்டாம். நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 33 மி.மீ. தள்ளி, முன்விளிம்பிலிருந்து 35 மி.மீ. பின்னால், கட்டைவிரல் அகலப் பிளைவுட் துண்டு ஒன்றை இறக்கையில் மேலும் கீழும் ஒட்டி, அதன் வழியாக எம்3 போல்ட்டை ஏற்றி, பெல் கிராங்கை மாட்டுங்கள். பூட்டு நட் போடுங்கள். தகடு தடையில்லாமல் திரும்ப வேண்டும், ஆனால் லொடலொட என்று ஆடக் கூடாது. பறக்கும்போதைய இழுவை முழுவதும் இந்த ஒரு போல்ட்டில்தான் தொங்குகிறது. அதனால் பிளைவுட்டை அரால்டைட்டால் ஒட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஃபெவிக்விக் அவசரம் இங்கே உதவாது.

பெல் கிராங்கிலிருந்து இறக்கை நுனிக்குப் போகும் கம்பிகளுக்கு 'லீட் அவுட்' என்று பெயர். மீன்பிடி சாமான் கடையில் முறுக்கிய மெல்லிய ஸ்டீல் கம்பி கிடைக்கும், அது சரியாக இருக்கும். இடது நுனியில் ஒரு சின்னப் பிளைவுட் துண்டில் 15 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு, காலியான பேனா ரீஃபில் துண்டுகளைச் செருகி, கம்பிகளை அதன் வழியே வெளியே விடுங்கள். அந்த இரண்டு ஓட்டைகளுக்கும் நடுப்புள்ளி முன்விளிம்பிலிருந்து 35 மி.மீ.-ல் வரட்டும். ஏன் என்று எடைச்சமன் வரும்போது சொல்கிறேன்.

வலது நுனியில் 8 கிராம் எடை வைக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயங்களைத் தராசில் நிறுத்துப் பார்த்து, பள்ளம் தோண்டிப் பதித்து ஒட்டினால் சரியாக வரும். இடப்பக்கம் நூலின் கனத்தைத் தாங்குகிறது, அதற்குத்தான் இந்த ஈடு. இதை மறந்தால் விமானம் உள்பக்கம் சாயும், நூல் தொய்யும்.

உடலும் வாலும்

உடல் ஒரு தட்டைப் பலகைதான்: 420 மி.மீ. நீளம், இறக்கை வரும் இடத்தில் 50 மி.மீ. உயரம், வால் பக்கம் 20. பக்கவாட்டில் பார்த்தால் விமானம், மேலிருந்து பார்த்தால் ஒரு ஸ்கேல். எந்த விமானத்தின் சாயல் பிடிக்குமோ அப்படி வெட்டிக்கொள்ளுங்கள். உடலின் நடுவே நீளவாட்டில் ஒரு நேர்கோடு போட்டு, இறக்கைக்கான துளை, வாலுக்கான வெட்டு இரண்டையும் அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். இறக்கையும் வாலும் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழைகூடச் சாயாமல் இணையாக இருக்க வேண்டும். ஒன்று கோணினால் விமானம் எப்போதும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும். நீங்கள் கையால் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

மூக்கில் இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டி, மோட்டார் தாங்கியைத் திருகுங்கள். மோட்டாரை 2 டிகிரி வலப்பக்கம், அதாவது வட்டத்துக்கு வெளியே பார்க்கும்படி திருப்புங்கள். ஒரு பக்கம் இரண்டு வாஷர் வைத்தாலே போதும். நிற்கும் வாலின் பின்விளிம்பையும் 5 மி.மீ. வலப்பக்கம் திருப்பி ஒட்டுங்கள்.

மின்மோட்டாரில் ஒரு கூடுதல் வசதி உண்டு. வழக்கமான திசையில் சுற்றும் புரொப்பெல்லரின் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம், உங்களை நோக்கிச் சாய்க்கும். மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டு, எதிர்த்திசைப் புரொப்பெல்லரை மாட்டினால் அதே விசை வெளிப்பக்கம் சாய்க்கும். எஞ்சின்காரர்களுக்கு இந்தச் சலுகை அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

வால் 200 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம். அதில் பின்பக்க 25 மி.மீ.-ஐ வெட்டி எலிவேட்டராக்குங்கள். கீல் கடையில் வாங்கத் தேவையில்லை. கெட்டியான தையல் நூலால் எட்டுப் போல மேலும் கீழுமாக நாலு இடத்தில் தைத்தால் வெண்ணெய் மாதிரி ஆடும். விமானத்தைப் பிடித்துக்கொண்டு எலிவேட்டரைத் தூக்கிவிட்டால் தன் கனத்தாலேயே சரிந்து விழ வேண்டும். விழாவிட்டால் தையல் இறுக்கம், பிரித்துத் திரும்பத் தையுங்கள்.

எலிவேட்டரில் கொம்பு (கம்பி மாட்ட ஓட்டைகள் உள்ள சின்னத் தகடு) ஒன்று மாட்டி, பெல் கிராங்கிலிருந்து 1.6 மி.மீ. பியானோ கம்பியை இணையுங்கள். பெல் கிராங்கில் உள் ஓட்டை, கொம்பில் வெளி ஓட்டை. அப்போதுதான் கை அதிகம் அசைந்தாலும் எலிவேட்டர் குறைவாக அசையும். மேலே 15 டிகிரி, கீழே 15 டிகிரி, பழகுபவருக்கு அதற்கு மேல் ஆகாது. கம்பி பாதி வழியில் வில்லாக வளையாமல் இருக்க, உடலில் ஒரு பிளைவுட் வளையம் ஒட்டி அதன் வழியே விடுங்கள். இந்த வளையம் இல்லாத விமானத்தைத் தரையில் அசைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். காற்று எலிவேட்டரை அழுத்தும்போது கம்பி வளைந்துவிடும், எலிவேட்டர் அசையாது.

எடைச்சமன்

பேட்டரியை உடலின் வலப்பக்கம், இறக்கைக்கு முன்னால் வெல்குரோவில் ஒட்டி, அதன் மேல் ஒரு பட்டையும் போடுங்கள். இ.எஸ்.சி., டைமர் அதன் பக்கத்தில். இப்போது இறக்கை முன்விளிம்பிலிருந்து 20 மி.மீ. பின்னால் இரண்டு விரல் நுனிகளில் விமானத்தைத் தாங்கிப் பாருங்கள். மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். வால் கனமான விமானம் கையில் நிற்காது, அதைப் பறக்கவிட்டுத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

லீட் அவுட்டை 35-ல் வைத்த காரணம் இதுதான். எடைமையம் 20-ல் இருக்கிறது, நூல் பிடித்திழுக்கும் இடம் 15 மி.மீ. அதற்குப் பின்னால். அதனால் விமானத்தின் மூக்கு எப்போதும் ஓர் இம்மி வெளியே பார்த்தபடி பறக்கும், நூல் விறைப்பாக நிற்கும்.

நூலும் ஹேண்டிலும்

சாதாரணத் தூண்டில் நரம்பு ரப்பர் மாதிரி நீளும், வேண்டாம். பின்னல் வகை நூல் கேளுங்கள், 10 கிலோவுக்கு மேல் தாங்குவது. 9 மீட்டரில் இரண்டு, அளவு துல்லியமாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடித்து இரண்டு நூலையும் சேர்த்து மாட்டி, இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். இந்த நூல் வழவழப்பு, சாதாரண முடிச்சு நழுவும். வளையத்துக்குள் இரண்டு முறை விட்டு, நூலையே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்குங்கள். விமானத்தோடு இணைக்க மீன்பிடி ஊக்கு.

ஹேண்டிலுக்கு ஒரு பிளைவுட் துண்டு போதும். நூல் ஓட்டைகளுக்கு நடுவே 75 மி.மீ. இருக்கட்டும். இடைவெளி கூடினால் விமானம் துடுக்காகும். ஹேண்டிலிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு வார் கட்டாயம் போடுங்கள். கை தவறினாலும் விமானம் கூட்டத்துக்குள் போகாது.

மேல் நூலின் இரண்டு முனையிலும், அது மாட்டும் லீட் அவுட்டிலும் சிவப்பு நகப்பூச்சு தடவுங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் முதல் விமானத்தில் நூல்களை மாற்றி மாட்டிவிட்டேன். நண்பர் கையை விட்டதும் அழகாக எழும்பியது. கொஞ்சம் உயரமாகப் போகிறதே என்று இறக்கினேன், மேலே போனது. இன்னும் இறக்கினேன், நேராக என் தலைக்கு மேல் வந்தது. நூல் பொத்தென்று தோளில் விழுந்தது. அப்புறம் எனக்குப் பின்னால் மூன்றடியில் விமானம். விமானத்தைப் பிடித்து விட்ட அந்த நண்பர் இன்னும் குனிந்த நிலையிலேயே இருந்தார்.

மைதானத்தில்

சுற்றிலும் 15 மீட்டர் வெறும் இடம் வேண்டும், அதாவது 30 மீட்டர் குறுக்களவு. மின்கம்பி கண்ணில் பட்டாலே வேறு இடம் பாருங்கள். பின்னல் நூல்தானே என்று நினைக்காதீர்கள், ஈரமானால் அதுவும் மின்சாரம் கடத்தும், ஸ்டீல் நூலென்றால் கேட்கவே வேண்டாம். இடி முழங்கும் நாளிலும் வேண்டாம். வேகமாகச் சுற்றும் நூல் மாஞ்சா போலவே அறுக்கும். சின்னப் பிள்ளைகள் வட்டத்துக்குள் ஓடிவராமல் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

காலை ஏழு மணிதான் நல்ல நேரம். கடலோர ஊர்களில் வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பிவிடும். ஆடி மாதத்தில் அம்மியே பறக்கும், உங்கள் விமானமும் பறக்கும், ஆனால் நீங்கள் நினைத்த இடத்துக்கு அல்ல.

ஒவ்வொரு முறையும் மாட்டியபின் இரண்டு சோதனை. முதலில், ஹேண்டிலின் மேல்முனையை உங்கள் பக்கம் சாய்த்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். நண்பரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, இழுவைச் சோதனை: நண்பர் விமானத்தை நடுவில் பிடித்துக்கொள்ள, நீங்கள் மறுமுனையிலிருந்து 2 கிலோ அளவுக்கு இழுங்கள். அது எவ்வளவு என்று தெரியாவிட்டால் வீட்டிலேயே ஹேண்டிலில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிச்சு அவிழ்வதானால் இங்கேயே அவிழட்டும்.

முதல் பறப்பு

டைமரில் 45 விநாடி வையுங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், பன்னிரண்டு சுற்றில் முடிந்துவிடும். அது போதும், தலை சுற்றும்.

விமானம் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் பறக்கும், உங்கள் கண்ணுக்கு வலமிருந்து இடம். காற்று முதுகில் படும்படி நின்றுகொண்டு, உங்கள் வலக்கைப் பக்கத்தில் விமானத்தை நிறுத்துங்கள். அங்கிருந்து கிளம்பினால் வேகம் பிடிக்கிற நேரத்தில் விமானம் உங்களுக்கு நேர் முன்னால் வரும், காற்று அதை வெளிப்பக்கம் தள்ளி நூலை இறுக்கும். எதிர்ப்பக்கத்தில் விட்டால் அதே காற்று விமானத்தை உங்கள்மேல் தள்ளும்.

தரை சிமென்ட் மாதிரி இருந்து, விமானத்தில் சக்கரமும் மாட்டியிருந்தால் ஓடவிடலாம். புல்லென்றால் கையால் விடுவதே மேல். நண்பர் தோள் உயரத்தில் மட்டமாகப் பிடித்து, நூல் விறைத்திருக்க இரண்டு எட்டு நடந்து, கையை விட வேண்டும். எறியக் கூடாது. விட்டதும் அங்கேயே உட்கார்ந்துகொள்ளட்டும், விமானம் நான்கு விநாடியில் திரும்பி வரும்.

முழங்கையை மடக்காமல் நேராக நீட்டுங்கள். மணிக்கட்டை ஆட்டாதீர்கள். தோளிலிருந்து முழுக்கையையும் உயர்த்தினால் ஹேண்டில் தானாகவே வேண்டிய அளவு சாயும். விமானம் உங்கள் தோளுக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். தாழ்ந்தால் கையைச் சற்று உயர்த்துங்கள், ஏறினால் தாழ்த்துங்கள். முதல் நாள் எல்லோரும் செய்யும் தவறு கூடுதலாகத் திருத்துவது. அப்போது விமானம் பாம்பு மாதிரி ஏறி இறங்கும். அந்த நேரத்தில் கையை விறைத்து அப்படியே வைத்துக்கொண்டால் இரண்டு சுற்றில் அதுவே அடங்கும். கண் விமானத்திலேயே இருக்கட்டும். பின்னால் ஓடும் மரத்தையும் சுவரையும் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது.

நாலாவது சுற்றில் கை கொஞ்சம் தளரும். அப்போதுதான் அந்த இழுவையைக் கவனிப்பீர்கள். தூண்டிலில் மீன் மாட்டியதுபோல, ஆனால் விடாமல், சீராக. அது குறைகிறதென்று கை சொன்னால் யோசிக்காதீர்கள். பின்னால் நகருங்கள். நாலு எட்டுப் பின்வாங்கினால் நூல் மறுபடி விறைக்கும்.

மோட்டார் நின்றதும் வேகம் விழும், இழுவையும் விழும். அதனால் மெல்லப் பின்னால் நடந்துகொண்டே இருங்கள். கையை மட்டமாக வைத்து விமானத்தைத் தானாக இறங்கவிட்டு, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது கொஞ்சமே கொஞ்சம் மேல் கொடுங்கள்.

இருபது முறை இப்படி இறக்கியபின் டைமரை இரண்டு நிமிடமாக்கலாம். அப்புறம் ஏற்ற இறக்கம், பிறகு ஒரு முழு லூப், அதாவது செங்குத்தாக ஒரு வட்டம். லூப் எப்போதும் காற்று போகும் பக்கத்தில், நூல் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில். ஒவ்வொரு லூப்புக்கும் நூல் ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளும், நாலைந்து முறுக்கு வரை கட்டுப்பாடு கெடாது. தலைகீழாகப் பறக்கையில் மேல் கீழ் மாறிவிடும் என்பதால் அதற்கு இன்னும் உயரமும் பொறுமையும் வேண்டும். கடைசியில் எஃப்2டி என்ற உலகப் போட்டி வகை இருக்கிறது: ஒரே வட்டத்தில் இரண்டு பேர், விமானத்தின் வாலில் காகித நாடா, எதிரியின் நாடாவை வெட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் 100 புள்ளி. காத்தாடியில் டீல் போட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கிளம்பும் முன் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். வீட்டுக்குப் போய் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் ஏற்றிவைத்தால் நாள்பட உழைக்கும். நூலை விமானத்தின் பக்கமிருந்து கழற்றி, ஒரு பழைய பெயின்ட் டப்பா மூடியிலோ அட்டைச் சக்கரத்திலோ இரண்டையும் சேர்த்துச் சுருட்டுங்கள். சுருட்டும்போது நூலில் விரலை ஓட்டிக்கொண்டே வாருங்கள். எங்காவது சொரசொரவென்று தட்டினால் அந்த ஜோடி காத்தாடிக்குக்கூட வேண்டாம், இரண்டையும் மாற்றிவிடுங்கள்.